பிளாவும் குவார்ட்டரும்

வடமராட்சியில் குந்தியிருந்து குடித்தோம். திருச்சியில் நின்றபடியே குடித்தோம். இரண்டு இடத்திலும் வாலிபத்தைக் கழித்தவன் என்ற முறையில், மலிவான குடியைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். ருசி, போதை, விலை எல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவன் விமான நிலையத்தில் வாங்கிய விலை உயர்ந்த விஸ்கியை மேசையில் வைத்துவிட்டு, எழுபதுகளில் குடித்த புளித்த கள்ளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். விஸ்கியைப் பற்றி ஒரு சொல் வராது. காசில்லாத காலத்துக் குடிக்குக் கதை இருக்கிறது. காசு வந்தபின் குடித்ததற்கு பில் மட்டும்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்களும் இப்படித்தான், ஓல்ட் மாங்க் ரம்மைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். ஆனால் அவர்களுடைய கதையும் எங்களுடைய கதையும் ஒன்றல்ல.

எழுபதுகளின் கடைசி. ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்கள், முடிவு நன்றாக வந்தும் தரப்படுத்தலால் பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள், கிளறிக்கல் சோதனைக்குப் படிக்கிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாசிகசாலையில் பேப்பர் புரட்டியவர்கள் என்று ஊருக்கு ஊர் ஒரு கூட்டம் இருந்தது. பஸ்ஸுக்குத் தந்த காசை மிச்சம் பிடித்துக்கொண்டு சைக்கிளில் போனால் கள்ளுக்குப் போதும். கல் அரக்கு, மெண்டிஸ் என்று போத்தலில் வரும் சாராயம் உத்தியோகக்காரர் சமாச்சாரம். எங்களுக்குத் தவறணை என்கிற கள்ளுக்கடை.

1972 வரை தவறணைகள் குத்தகைக்காரர் கையில் இருந்தன. அந்த ஆண்டு சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. மரமேறுகிறவர் கள்ளைச் சங்கத்துக்குக் கொடுத்தார், சங்கம் தவறணையில் விற்றது. சங்கத் தவறணை பார்வைக்கு அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். சீமெந்து நிலம், அரைச்சுவர், அதற்கு மேல் கம்பி வலை, மூலையில் ஒரு பெரிய பரல், கணக்குக் கொப்பியோடு ஒரு மனேச்சர். வெளியே ஒரு வேப்பமரம். உண்மையான தவறணை அந்த வேம்பின் நிழல்தான். பக்கத்தில் ஒரு கிழவி கடகத்தில் அவித்த கடலை, பொரித்த மரவள்ளி, கருவாட்டுப் பொரியல் வைத்திருப்பாள். வசதியிருந்தால் கணவாய்ப் பிரட்டல். இல்லாவிட்டால் கடலையோடு சரி.

இனி பிளா. பனையோலையை மடித்து இரண்டு முனையையும் கட்டினால் தோணி மாதிரி ஒரு பாத்திரம் வரும். கொஞ்சம் பெரிதாகக் கட்டினால் ஒரு போத்தல் கள் பிடிக்கும். அதைக் கீழே வைக்க முடியாது, சரிந்துவிடும். ஆகவே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். சிகரெட்டைப் பக்கத்தில் இருப்பவன்தான் வாயில் வைத்துவிட வேண்டும். நுரையை ஊதி ஒதுக்கி, மிதக்கும் தேனீயையும் எறும்பையும் வழித்தெறிந்து, ஓரத்தில் வாய் வைத்து மெல்ல உறிஞ்சினால் பச்சை ஓலையின் மணமும் கள்ளோடு சேர்ந்து வரும். அதே கள்ளைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றித் தந்தால் அது வேறு பண்டம். அடியில் மிஞ்சும் மண்டியை மண்ணில் கவிழ்த்துவிட்டு, அடுத்த வார்ப்புக்கு நீட்டுவோம்.

கள்ளில் மதுசாரம் நாலைந்து வீதம்தான் இருக்கும், பியரைப் போலத்தான். வெறிக்க வேண்டுமென்றால் நேரமும் வேண்டும், வயிற்றில் இடமும் வேண்டும். விடிய இறக்கிய உடன்கள்ளில் இனிப்பு தூக்கலாக இருக்கும். வெயில் ஏற ஏறப் புளிப்பும் ஏறும். பின்னேரம் நாக்கைச் சுண்டி இழுக்கும். ஒரே மரத்துக் கள்ளின் மூன்று ருசியையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், வேலையில்லாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும். இருந்த இருப்பில் எம்.ஜி.ஆர். படமும், நாடகப் போட்டியும், தமிழ் இளைஞர் பேரவையும், யாரோ ஒருத்தியின் தாவணியும் பேசி முடிந்துவிடும். சண்டை வந்தாலும் எழும்பி அடிக்க முடியாது. பிளா கையில் இருக்கிறது.

பிளாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு தரம் குடித்துவிட்டு எறிகிற பாத்திரம் அது. சீவல் தொழிலாளியின் வீட்டுச் செம்பில் வாய் வைக்க மாட்டாதவர்கள், அவர் இறக்கிய கள்ளை, அவர் வளவிலேயே குந்தியிருந்து, அவர் கட்டித் தந்த பிளாவில் குடித்தார்கள். அறுபதுகளில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் கோயில் பிரவேசத்துக்கும் ஆட்கள் இரத்தம் சிந்திய அதே பகுதிகளில்தான் இது நடந்தது. தாத்தா வயதுக்காரரை எங்கள் தெருப் பெடியள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் இவர்களைத் ‘தம்பி’ என்பார். கே. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கள்ளுக்கொட்டிலைச் சாதி மறந்த இடமாக எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். கள் மட்டும்தான் சாதி பார்க்கவில்லை.

1983 ஆடிக் கலவரத்துக்கு அடுத்த வருடம் திருச்சிக்கு வந்து சேர்ந்தேன். அப்போது தமிழ்நாட்டில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் சட்டப்படி திறந்திருந்தன. இன்றைய கல்லூரிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. தென்னங்கள் மொந்தையில் கிடைத்தது. நன்றாகவே இருந்தது, பனங்கள்ளைவிட மென்மை. ஆனால் கூட்டம் அங்கே இல்லை. சாராயக்கடையில்தான் தள்ளுமுள்ளு.

அந்தச் சாராயம் எங்கள் சாராயம் கிடையாது. இலங்கைச் சாராயம் தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்தது. அதற்காகவே வாத்துவை, களுத்துறைப் பக்கம் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, அந்தரத்தில் நடந்துபோய்க் கள் சேர்ப்பார்கள். வடித்ததை ஹல்மில்ல மரத் தொட்டியில் ஊறவைத்து, லேபல் ஒட்டி விற்பார்கள். கல்யாண வீட்டில் மாமாக்களுக்குத் தனியறையில் வைப்பதும் அதுதான். திருச்சியில் ஏலம் எடுத்த கடையில் விற்றது எரிசாராயத்தில் தண்ணீர் சேர்த்த சாமான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று காசை நீட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து கிளாஸ் வரும். வாங்கிய ஆள் கண்ணை மூடிக்கொள்வார், ஒரே மடக்கு, நாக்கில் ஊறுகாய், துண்டால் முகத்தை ஒரு துடைப்பு, அவ்வளவுதான், வெளியே போய்விடுவார். வாசலில் சாக்கணாக் கடை இருக்கும்: போட்டி, ஈரல், அவித்த முட்டை. அதையும் நின்றபடியே தின்பார்கள். நாள் முழுக்க மூட்டை தூக்கியவர் ஒரு நிமிடத்தில் குடித்து முடிக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஏன் அந்த அவசரம் என்று பிறகு புரிந்தது. ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது 1937 அக்டோபர் 1-ல். 1948-ல் மாகாணம் முழுக்க விலக்கு. 1971-ல் கருணாநிதி ஆட்சி கடைகளைத் திறந்தது. அதே ஆட்சி 1973-ல் கள்ளுக்கடையையும் 1974-ல் சாராயக்கடையையும் மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் இல்லை, சாராயமும் இல்லை. 1990-ல் மலிவு விலை மது என்று ஒன்று வந்தது. 1991-ல் ஜெயலலிதா வந்ததும் அது போயிற்று. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. கடைக்கு எதிரே நின்ற அந்த மூட்டைத் தொழிலாளி தன் ஒரே ஆயுளில் இத்தனை முறை குற்றவாளியாகவும் வாடிக்கையாளராகவும் மாறியவர். அவர் வேறு எப்படிக் குடிப்பார்? கதவு திறந்திருக்கும்போது மடக்கென்று இறக்கிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

இலங்கையிலும் மதுவொழிப்பு இயக்கம் சின்னதாக இருக்கவில்லை. 1904-லும் 1912-லும் எழுந்த சிங்கள பௌத்த இயக்கம் டி.எஸ். சேனநாயக்க போன்றவர்களைப் பொதுவாழ்வுக்குக் கொண்டுவந்தது. ஆனால் நாடு முழுவதும் பூரண மதுவிலக்கு என்ற கட்டத்துக்கு அது போகவில்லை. குடிகாரன் மாதந்தோறும் சந்திக்கிற விலக்கு பௌர்ணமிப் போயா நாள் ஒன்றுதான். அதற்கும் முதல்நாள் மாலையே ஆட்கள் போத்தலை வாங்கி வைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் காந்தி ஜெயந்திக்கு முதல்நாள் நடப்பதும் இதேதான். அந்த ஒரு விஷயத்தில் பாக்குநீரிணைக்கு இரண்டு பக்கமும் ஒரே புத்தி.

1987-க்குப் பிறகு மலிவுக் குடி என்றால் ஒயின்ஷாப் குவார்ட்டர். 180 மில்லி. அதையும் முழுசாக வாங்கக் காசில்லாதவன் கண்டுபிடித்ததுதான் கட்டிங், தொண்ணூறு மில்லி. தமிழ்நாட்டுக் குடியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ‘வ குவார்ட்டர் கட்டிங்’ என்று 2010-ல் ஒரு படமே வந்தது. கடை வாசலில் ஒருவர் பாதிக் காசோடு சும்மா நிற்பார். உங்களைப் பார்ப்பார். நீங்களும் அவரைப் பார்த்தால் ‘அண்ணே, கட்டிங்?’ என்பார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஒருவர் போய் வாங்கி வர வேண்டும். அந்தக் காலத்தில் பெட்டிக்கடைக்காரர் இரண்டு கண்ணாடிக் கிளாஸ் இரவல் தருவார், அவரிடம் ஊறுகாய் வாங்கினால். பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் பிறகு வந்தவை. ஊற்றுகிறவர் ஒருவர், கிளாஸை முதலில் எடுக்கிறவர் மற்றவர். ஊற்றியவர் முதலில் எடுக்கக் கூடாது. எங்கும் எழுதி வைக்காத விதி. கிளாஸ்களைக் கண்ணுக்கு நேரே தூக்கி மட்டம் பார்த்து, சொட்டுக் குறைந்தால் சொட்டு விட்டு, பிறகுதான் தண்ணீர் சேர்ப்பார்கள்.

1988-ல் என்று நினைக்கிறேன், தில்லைநகர்ப் பக்கம் ஒரு லாரி ஓட்டுநரோடு கட்டிங் போட்டபோது, “போத்தலை நீங்களே பிடியுங்கோ” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சிலோனா தம்பி?”

“ஓம், யாழ்ப்பாணம்.”

“வீட்ல எல்லாரும் அங்கதான் இருக்காங்களா?”

தலையாட்டினேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மட்டம் பார்த்து வைத்திருந்த கிளாஸில் என் பக்கம் இன்னும் ஒரு விரல் ஊற்றிவிட்டு, தன்னுடையதைக் குடித்துவிட்டு, “வர்றேன் தம்பி” என்று லாரியில் ஏறிப் போய்விட்டார். கட்டிங் விதியை ஒருவர் மீறி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்குப் பிறகென்றால் அந்த ஒரு விரல் கிடைத்திருக்காது.

அந்தத் தொண்ணூறு மில்லிக்கு எதிரே நின்றவரின் சாதி எனக்குத் தெரியாது. என்னுடையது அவருக்குத் தெரியாது. எங்கள் தவறணையில் இது நடக்கவே நடக்காது. அங்கே வேம்படியில் இருக்கிற அத்தனை பேருக்கும் உங்கள் தகப்பன் யார், தாயின் ஊர் எது, வளவு எத்தனை பரப்பு என்பதெல்லாம் தெரியும். நீங்கள் சைக்கிளை உழக்கி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விடும். இருந்து குடிப்பதைப் பற்றி இவ்வளவு பாராட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. தெரியாதவனோடு சமமாகப் பங்கு போட்டுக் குடிக்கும் நாகரிகத்தை நான் கற்றுக்கொண்டது நின்று குடிக்கிற ஊரில்தான்.

ஆனால் குவார்ட்டரின் உள்ளே இருப்பதை மன்னிக்க முடியவில்லை. கரும்பாலை மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்துக்கு நிறமும் வாசனையும் ஏற்றி, பிராந்தி என்று பெயர் வைத்து, 42.8 வீத மதுசாரத்தோடு தருகிறார்கள். இலங்கைப் போத்தல் சாராயம் முப்பத்து மூன்று வீதத்துக்குச் சற்று மேல். கள் குவார்ட்டரில் ஏழில் ஒரு பங்குகூட வராது. கள்ளைப் பிளாவில் குடித்தவன் பகலெல்லாம் குந்தியிருந்து அடைகிற இடத்துக்குக் கட்டிங் அடித்தவன் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறான். மீதிப் பொழுதை என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த கட்டிங்குக்கு ஆள் தேடுகிறான்.

இவற்றைவிட மலிவானதும் இரண்டு நாட்டிலும் இருந்தது. இலங்கையில் கசிப்பு; சீனியும் ஈஸ்டும் போட்டுக் கோடா ஊறவைத்துக் காய்ச்சுவார்கள். தமிழ்நாட்டில் வேலம்பட்டையும் வெல்லமும் போட்ட ஊறலில் வடித்த பட்டைச்சாராயம், வடசென்னைக் குப்பங்களில் சோற்றைப் புளிக்கவைத்த சுண்டக்கஞ்சி. சுண்டக்கஞ்சியை விட்டுவிடலாம், அது பாவம். மற்ற இரண்டையும் வீரக்கதையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கூலிக்காரர்கள். பிழைத்திருந்தால் அவர்களும் ஒருநாள் இதை நினைத்துச் சிரித்திருப்பார்கள். நினைவு மீட்டுகிறவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

எங்கள் நினைவுகளில் பெண்களும் இல்லை, கடலை விற்ற கிழவியைத் தவிர. இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979-ல் ஒரு விதியே போட்டார்கள். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளில் ஜனாதிபதி சிறிசேன திரும்பக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் அப்படி விதி இல்லை, விதி தேவைப்படவும் இல்லை. குடிக்காத அந்தப் பெண்கள்தான் குடியின் விலையை முழுதாகக் கட்டியவர்கள். எங்களுக்குப் பஸ் காசில் கள் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. ஒருவர் காலையும் மாலையும் பத்துக்கு மேற்பட்ட பனைகளில் ஏறி இறங்கினார். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர்கள் ஊருக்கு இரண்டு பேராவது இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஏறவில்லை. ஏறாதது நல்லது என்றுதான் நானும் சொல்வேன். போரில் பதுங்கு குழிகளுக்காகத் தறித்த பனைகள் போக மிஞ்சிய மரங்கள் நிற்கின்றன, ஏறத்தான் ஆள் குறைவு.

2009-ல் போர் முடிந்தபிறகு ஊருக்குப் போனபோது பெடியள் பியர் டின்னோடு நின்றார்கள், அதுவும் நின்றபடியே. வேம்படியில் என் வயதுக்காரர் சிலர். பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து லண்டனுக்கும் பாரிஸுக்கும் அனுப்புகிறார்கள். வாங்கிக் குடித்துப் பார்த்தேன், ஓலை மணம் மட்டும் அதில் ஏறவில்லை. ஆனாலும் அது சட்டப்படி விற்கிற சரக்கு, சீவியவருக்குக் கூலி போகிறது.

தமிழ்நாட்டில் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. பனையை மாநில மரமாக வைத்திருக்கிற அரசு, தானே பிராந்தி விற்றுக்கொண்டு, அதே பனையில் கள் இறக்கினால் வழக்குப் போடுகிறது. ஆகவே பொள்ளாச்சிப் பையன்கள் கோபாலபுரம் எல்லை தாண்டிப் பாலக்காட்டுக் கள்ளுக்கடைக்குப் போகிறார்கள், கடலூர்ப் பையன்கள் பாண்டிச்சேரிக்குப் போகிறார்கள். கலப்படம் வரும் என்பது அரசுத் தரப்பு வாதம். கள்ளில் குளோரல் ஹைட்ரேட் கலந்த கடைக்காரர்கள் இருந்தது உண்மைதான். ஆனால் கலப்படத்துக்குப் பயந்து கள்ளைத் தடுத்த மாநிலத்தில்தான் மெத்தனால் ஆளைக் கொன்றது. என் கணக்கில் 1987-ல் செய்தது தவறு. அதை இன்றும் தொடர்வது அதைவிடப் பெரிய தவறு.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். பனங்கள்ளுக்குப் பருவம் உண்டு. மாசியிலிருந்து ஆடிக்குள் போங்கள். காலைக் கள் வந்து இறங்குகிற நேரம் ஊர்க்காரர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். கிளாஸ் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிப் பிளா கட்டித் தரக் கேளுங்கள். மரத்திலிருந்து இறங்குகிறவர் உங்களைவிட மூத்தவரென்றால் ‘அண்ணை’ என்றோ ‘ஐயா’ என்றோ கூப்பிடுங்கள். மோட்டார் சைக்கிளில் போயிருந்தால் திரும்பி வரும்போது அதைக் குடிக்காத ஒருவர் ஓட்டட்டும்.